எட்டு வேகன், ஒரு இன்ஜின், ஒரு கைப்பேசி

மாதிரி ரயில் வைத்திருப்பவர்கள் எடுக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை வண்டி ஓடுவதைக் காட்டுபவை. விரைவு வண்டி ஒன்று வளைவில் திரும்பும், சுரங்கத்துக்குள் நுழையும், மறுபக்கம் வெளியே வரும், மீண்டும் அதே வளைவுக்கு வந்து சேரும். அழகுதான், ஆனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் என்னால் உட்கார முடிவதில்லை. என்னைக் கட்டிப்போடுபவை, ஒரு கூட்ஸ் யார்டில் இன்ஜின் முன்னும் பின்னும் போய், வேகன்களைக் கழற்றி, வேறு பாதையில் தள்ளி, கேட்ட வரிசையில் கோத்துக் கொடுக்கும் ஷண்டிங் வேலையை முதலிலிருந்து கடைசிவரை காட்டும் படங்கள். மும்பைப் புறநகரான டோம்பிவிலியில் எங்கள் வீட்டு ஹாலின் சுவரோரம் ஆறடி நீளமும் ஓரடி அகலமுமான ஒரு பலகை இருக்கிறது. அதன்மேல் நடக்கும் இந்த வேலையைப் படமாக்குவதுதான் சில ஆண்டுகளாக என் பொழுதுபோக்கு. வண்டி ஓட்டுவதைவிட அதைப் படமெடுப்பதில்தான் இப்போது அதிக நேரம் போகிறது என்பதை என் மனைவி எனக்கு முன்பே கவனித்துவிட்டாள்.

மும்பை வீடுகளின் அளவு தெரிந்தவர்களுக்கு ஆறடிப் பலகை கிடைத்ததே பெரிய காரியம் என்பது புரியும். என்னுடையது ஹெச்.ஓ. அளவு, அதாவது அசலில் 87 பங்கில் ஒன்று. நம் அகலப்பாதையின் 1676 மில்லிமீட்டரை 87 ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வர வேண்டும். ஆனால் உலகம் முழுவதும் இந்த அளவுக்கு விற்கப்படும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர்தான். ஆகையால் நம்மூர் வண்டிகளை ஹெச்.ஓ. அளவில் வைத்திருப்பவர்கள் அனைவரும், இன்ஜினின் உடல் அகலமாகவும் அது நிற்கும் பாதை சற்று ஒடுக்கமாகவும் இருப்பதைப் பொறுத்துக்கொண்டுதான் ஓட்டுகிறோம். கண்ணால் பார்க்கும்போது உறுத்தாத இந்தக் குறை, வண்டியை நேர் எதிரே நின்று படமெடுத்தால் உடனே தெரிந்துவிடும். எனவே நேர் எதிர்க் கோணத்தை நான் பயன்படுத்துவதில்லை. பக்கவாட்டில் நின்றோ, மூலைவிட்டமாகவோ எடுக்கிறேன். அந்த ஒரு முடிவிலேயே யார்டின் முழு அமைப்பும் தீர்மானமாகிவிட்டது: ஸ்டேஷன் கட்டடமும் கிடங்கும் பின்னால், கேமராவுக்கு இடம் முன்னால்.

பாதை அமைப்பு நானாகக் கண்டுபிடித்தது இல்லை. ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வகுத்த இங்கிள்நூக் என்னும் புதிர்தான் அது. மூன்று சைடிங்குகள் (வேகன்களை நிறுத்திவைக்கும் கிளைப்பாதைகள்), ஒன்றில் ஐந்து வேகன்கள் நிற்கலாம், மற்ற இரண்டில் மும்மூன்று. இன்ஜின் முன்னும் பின்னும் போய்வர வைத்திருக்கும் பாதையில் இன்ஜினோடு மூன்று வேகன்களுக்கு மட்டுமே இடம். மொத்தம் எட்டு வேகன்கள். அவற்றில் ஐந்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, சீட்டு வந்த அதே வரிசையில் கோத்து, ஐந்து வேகன் பாதையில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையோடு எடுத்தால் 6720 விதமாக அமையலாம்; ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் வரிசை இதற்குமுன் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கோயிலில் திருவுளச் சீட்டுப் போடுவதுபோல் ஒரு எவர்சில்வர் டப்பாவில் எட்டுச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, மாடி வீட்டுச் சிறுமியை எடுக்கச் சொல்கிறேன். படத்தின் முதல் காட்சி அதுதான்.

அந்தக் காட்சியை முதலில் வைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஷண்டிங் தெரியாதவர்களுக்கு அது வெறுமனே இன்ஜின் போவதும் வருவதுமாகத்தான் தோன்றும். எந்த வேகன் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அதே போக்குவரத்து ஒரு கதையாகிவிடுகிறது. சிவப்பு எண்ணெய் டேங்கர் இரண்டாவதாக நிற்க வேண்டும். அதுவோ மூன்று வேகன் சைடிங்கின் கடைக்கோடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை வெளியே எடுக்க வேண்டுமானால் முன்னால் நிற்கும் இரண்டையும் எங்கே வைப்பது? பார்ப்பவர் இந்தக் கேள்வியைத் தானே கேட்டுக்கொள்ளத் தொடங்கினால் போதும், நான் இசை சேர்க்க வேண்டியதில்லை, பேசவும் வேண்டியதில்லை. அமெரிக்கப் பொழுதுபோக்காளர்கள் ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அட்டையும், அதில் செருகப்பட்ட சரக்குச் சீட்டுமாக வைத்துக்கொண்டு பெரிய அறைகளில் பலர் கூடி இயக்குகிறார்கள். அங்கும் நல்ல படங்கள் அந்த அட்டையைத்தான் முதலில் நெருக்கமாகக் காட்டுகின்றன.

இதே காரணத்துக்காக, கேமராவைப் பாதையின் ஒரே பக்கத்தில் வைத்திருப்பதையும் விதியாக்கிக்கொண்டிருக்கிறேன். சினிமாக்காரர்களுக்கு இது பாலபாடம். இடமிருந்து வலமாகப் போகும் வண்டியை மறுபக்கம் போய் நின்று எடுத்தால் திரையில் அது வலமிருந்து இடமாகப் போகும். விரைவு வண்டி ஓடும் படத்தில் இதனால் பெரிய நட்டம் இல்லை. ஷண்டிங்கில், எந்தப் பக்கம் இன்ஜின், எந்தப் பக்கம் பாதை முடியும் முட்டுக்கட்டை என்று பார்ப்பவர் தலைக்குள் ஒரு வரைபடம் இருந்துகொண்டே இருக்கிறது. ஒரே ஒரு தவறான கோணம் அந்த வரைபடத்தைக் கலைத்துவிடும். அதற்குப் பிறகு அவர் புதிரை விட்டுவிட்டு வெறும் இன்ஜினைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது உயரம். மனிதனின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால், 87 பங்கு சிறிய உலகத்தில் அது 18 மில்லிமீட்டர். கட்டைவிரல் நகத்தின் நீளத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. கேமராவின் கண் அந்த உயரத்தில் இருந்தால்தான் வேகன் நம்மைவிடப் பெரிதாகத் தெரியும். ஓரடி உயரத்திலிருந்து எடுத்தால், எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருந்தாலும், அது ஹெலிகாப்டரிலிருந்து பார்த்த பொம்மைதான். பெரிய கேமராக்களின் லென்ஸை இவ்வளவு தாழ்த்த முடியாது, அதன் உடல் தரையில் இடிக்கும். கைப்பேசியிலோ லென்ஸ் ஒரு ஓரத்தில் இருக்கிறது. அதைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் இருக்கும் முனை கீழே வரும்படி பலகையில் நிறுத்திவிட்டால் ஏறக்குறைய சரியான உயரம் தானாகவே அமைந்துவிடும். கைப்பேசியை நேராக நிறுத்த, கறுப்புத் தாள் சுற்றிய ஒரு சிறு மரக்கட்டையை முட்டுக் கொடுக்கிறேன். தலைகீழாக வந்த படத்தை வெட்டி ஒட்டும்போது நிமிர்த்திக்கொள்ளலாம்.

கைப்பேசிக்கு இன்னொரு சாதகமும் உண்டு. அதன் உணரி மிகச் சிறியது, லென்ஸின் குவியத் தூரமும் சில மில்லிமீட்டர்தான். அதனால் அருகே இருக்கும் சிக்னல் கம்பமும் இரண்டடி தள்ளியிருக்கும் கிடங்கும் ஓரளவு ஒருசேரத் தெளிவாக விழும். பெரிய கேமராவில் இதே தெளிவு வேண்டுமானால் லென்ஸின் துளையை எஃப் 16 வரைக்கும் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் போதாது. பின்னணி மங்கலாக இருப்பது திருமணப் படத்துக்கு அழகாக இருக்கலாம், இங்கே அதுவே இது சின்னப் பொருள் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: படமெடுக்கத் தொடங்குமுன் திரையை அழுத்திப் பிடித்து, குவியத்தையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைக் கூரை போட்ட வேகன் குறுக்கே வரும்போதெல்லாம் யார்டு முழுவதும் இருண்டு மீண்டும் வெளுக்கும்.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாதிரி ரயில் படங்களில் பொய்யாகத் தெரிவது பெரும்பாலும் நிறமோ அளவோ இல்லை, வேகம்தான். நம் ரயில்வேயில் ஷண்டிங்குக்கு மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது பொதுவான உச்சவரம்பு. அதை விநாடிக்கு மீட்டராக்கி 87 ஆல் வகுத்தால், விநாடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக வருகிறது. நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வேகனின் அசல் நீளம் 10.7 மீட்டர், மாதிரியில் 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக, ஒரு வேகன் ஒரு சிக்னல் கம்பத்தைக் கடக்க ஏறக்குறைய இரண்டரை விநாடி ஆக வேண்டும். ஒத்திகையின்போது நான் பார்ப்பது இந்த ஒரு கணக்கைத்தான். கம்பத்தருகே வாய்க்குள் எண்ணிக்கொண்டே வேகத் திருகைச் சரிசெய்துவிட்டால், மற்ற எந்தக் கருவியும் தேவைப்படுவதில்லை. அதுவும் உச்சவரம்புதான், வேகனைத் தொடப் போகும் கடைசி ஒரு சாண் தூரத்தில் இன்ஜின் ஊர்ந்தே போக வேண்டும்.

ஊர்ந்து போனாலும் முட்டும்போது இன்னொரு சிக்கல் வரும். அளவைச் சுருக்கலாம், நிறையின் குணத்தைச் சுருக்க முடியாது. இருபது டன்னுக்கு மேற்பட்ட காலி வேகன் இன்ஜின் முட்டியதும் சற்றே அதிர்ந்து அசைந்து நிற்கும். பிளாஸ்டிக் வேகன் துள்ளிக்கொண்டு ஓடிவிடும். அமெரிக்காவின் மாதிரி ரயில் சங்கம் ஹெச்.ஓ. வேகன்களுக்கு எடைப் பரிந்துரை ஒன்று வைத்திருக்கிறது. அதன்படி என் பாக்ஸ்-என் வேகன் ஒவ்வொன்றும் நூறு கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். மும்பையின் லோஹார் சால் கடைத்தெருவில் கிடைக்கும் சிறு நட்டுகளை வேகனின் அடியில் ஒட்டி அந்த எடைக்குக் கொண்டுவந்தேன். அதோடு, வண்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளிங்கை மாட்டும் காட்சிகளை மட்டும் விநாடிக்கு 60 பிரேம் வீதம் எடுத்துப் பாதி வேகத்தில் ஓட்டினால் அந்தத் துள்ளல் கனத்த அசைவாக மாறிவிடுகிறது. இது ஏமாற்று வேலை என்று சொல்பவர்களும் உண்டு. முழுப் படத்தையும் மெதுவாக்கினால்தான் நான் அதை ஏமாற்று என்பேன்.

கல்யாணில் என் வீட்டுக்காரியின் வழியில் உறவான ஒரு அண்ணாச்சி இருக்கிறார். பூர்வீகம் திருநெல்வேலி, மத்திய ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். என் படம் ஒன்றைக் கைப்பேசியில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுவதும் பார்த்துவிட்டு, "தம்பி, வேகன் வந்து முட்டுச்சு, உடனே இளுத்துட்டுப் போயிட்டியே. கப்ளிங் பூட்டிச்சா இல்லையான்னு யாரு பாத்தா?" என்று கேட்டார். "அதுக்குத்தான் அண்ணாச்சி பாயின்ட்ஸ்மேன் பொம்மை ஒண்ணு நிறுத்தியிருக்கேனே" என்றேன். "நிக்கான், ஆனா அவனுக்கு நீ நேரமே குடுக்கலையே" என்றார்.

அவர் விளக்கியதைக் கேட்ட பிறகு படங்களின் தாளமே மாறியது. இன்ஜின் முட்டி நின்றதும், தரையில் நின்று ஷண்டிங்குக்கு உதவும் ஊழியனான பாயின்ட்ஸ்மேன் போய்ப் பூட்டு விழுந்ததா என்று பார்க்கிறான், வெளியே வந்து கை காட்டுகிறான், டிரைவர் ஊதல் கொடுத்த பிறகே வண்டி அசைகிறது. வேகன்கள் முழுவதும் கோத்தாகிவிட்டால் பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் ஹோஸ் பைப்புகளை ஒவ்வொன்றாக மாட்டி, பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். கடைசியில் இருக்கும் பிரேக் வேனின் அழுத்தமானியில் முள் எங்கே நிற்கிறது என்று கார்டு பார்த்துச் சொன்னால்தான் வண்டி புறப்படும். இந்தக் காத்திருப்பு முழுவதையும் அப்படியே வைத்தால் படம் நீண்டுவிடும். முற்றிலும் வெட்டினால் வேலை செய்யும் ஆட்களே இல்லாத யார்டாகிவிடும். ஆகவே கப்ளிங் விழுந்ததும் இருபது விநாடிபோல எதையும் அசைக்காமல் விடுகிறேன். அந்த இடைவெளியில் இன்ஜினின் ஐடில் ஓசை மட்டும் கேட்கும். பொறுமை இல்லாதவர்கள் ஓட்டிவிட்டுப் போகட்டும். அவர்களுக்காக நான் அதை வெட்டப் போவதில்லை.

கழற்றுவது, மாட்டுவதைவிடக் கடினம். நம்முடைய இன்றைய கூட்ஸ் வேகன்களில் இருப்பவை முஷ்டி மடக்கியது போன்ற நடுக் கப்ளர்கள். அவற்றின் வடிவத்தைக் கேடி என்ற அமெரிக்க நிறுவனத்தின் கப்ளர்கள் ஏறக்குறைய அப்படியே தருவதால் நம் வண்டிகளுக்கும் அவை பொருந்திவிடுகின்றன. தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு காந்தம் இருந்தால் போதும்: இரண்டு கப்ளர்களும் அதன்மேல் வந்து, இழுவை தளர்ந்ததும், கீழே வளைந்து தொங்கும் கம்பிகள் இருபக்கமும் விலகி முஷ்டிகள் திறக்கும். பிறகு வேகனை மீண்டும் மாட்டிக்கொள்ளாமலே தள்ளிக்கொண்டு போய் வேண்டிய இடத்தில் விடலாம். நெருக்கத்தில் எடுத்தால் அந்த இரண்டு கம்பிகளும் மெல்ல விலகுவது அவ்வளவு துல்லியமாக விழும். அச்சுகள் இரும்பாக இருக்கும் வேகனைக் காந்தம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பதால் அவற்றுக்குப் பித்தளை அச்சு போட வேண்டியிருக்கும். காந்தம் இல்லாத இடங்களில் மூங்கில் குச்சியை நுழைத்துத் திருகித்தான் கழற்ற வேண்டும். அப்போது சட்டகத்துக்குள் மேலிருந்து ஒரு ராட்சதக் கை இறங்குவதைச் சிலர் மறைக்கப் பாடுபடுகிறார்கள். என் கட்சி, கை தெரியலாம் என்பது. ஆனால் தரைமட்டக் காட்சியில் கூடாது. மேலிருந்து எடுக்கும் காட்சிக்கு மாறி, இயக்குபவரின் கையையும் சீட்டையும் சேர்த்துக் காட்டிவிட்டுத் திரும்பலாம்.

வெளிச்சத்துக்குச் சூரியன் ஒன்றே என்ற விதியை மீறாமல் இருந்தால் போதும். ஹாலில் இரண்டு டியூப்லைட் எரிந்தால் ஒவ்வொரு கம்பத்துக்கும் இரண்டு நிழல் விழும்; எந்த ஊர் வானத்திலும் அது கிடையாது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு பலமான விளக்கை எவ்வளவு தூரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் வைக்கிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கொளி விநாடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் நிறுத்தினால் திரையில் பட்டைகள் ஓடுவது நின்றுவிடும். அமெரிக்கர்கள் தரும் 1/60 என்ற அறிவுரை அவர்கள் ஊர் மின்சாரத்துக்கானது.

ஓசையைப் பொறுத்தவரை, மும்பைப் புறநகரில் இருப்பவன் அமைதிக்கு ஆசைப்படக் கூடாது. இரவு ஒரு மணிக்குமேல் லோக்கல்கள் ஓய்ந்தாலும் கல்யாண் பக்கம் போகும் விரைவு வண்டிகளும் கூட்ஸும் ஓய்வதில்லை. அவற்றின் ஹாரன் என் பதிவுக்குள் வந்துவிடும். முன்பெல்லாம் அதை நீக்குவேன். இப்போது நீக்குவதில்லை, யார்டுக்குப் பின்னால் மெயின் லைன் இருப்பதாக அது ஒரு மயக்கம் தருகிறது. நீக்கியே ஆக வேண்டியது பலகை எழுப்பும் உறுமல்தான். தண்டவாளத்தின் அடியில் கார்க் தாள் ஒட்டினால் பாதி அடங்கும்; மீதிக்கு, இன்ஜினுக்குள் இருக்கும் ஒலிச் சில்லின் சத்தத்தைத் தனியாகப் பதிந்து பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் ஈரத்தால் தண்டவாளத்தின் மேற்பரப்பு மங்கி மின்சாரம் விட்டு விட்டுப் பாயும். ஊர்ந்து போகும் இன்ஜின் திக்கித் திக்கி நிற்பது படத்தில் அப்பட்டமாகத் தெரியும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டே தொடங்குகிறேன். தூசியும் அப்படித்தான்: பலகையில் கிடக்கும் ஒரு தலைமுடி, திரையில் தண்டவாளத்தின் குறுக்கே விழுந்த மின்கம்பி.

இந்தக் கலைக்கு முன்னோடி என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் கலிபோர்னியாவின் மான்டரேயில் வாழ்ந்த ஜான் ஆலனைத்தான் சொல்வேன். தொழிலால் புகைப்படக்காரர். தன் கற்பனை ரயில் பாதையில் கண்ணாடிகளை மறைத்து வைத்து இடத்தை இரட்டிப்பாகக் காட்டியவர். 1973 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களில் அந்த அமைப்பு தீயில் அழிந்தது. இன்று நாம் அதை அறிவது பெரும்பாலும் புகைப்படங்களின் வழியாகத்தான். இங்கிள்நூக்கைப் போலவே புகழ்பெற்ற டைம்சேவர் என்ற ஷண்டிங் புதிரும் அவருடையதுதான். படம் பிடிக்கத் தெரிந்தவரே வண்டி இயக்கத்திலும் இவ்வளவு ஊறியிருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் பக்கத்தில் புனேயின் கோத்ரூடில் ஜோஷி குடும்பத்தார் நடத்தும் மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் கட்டாயம் பார்க்க வேண்டியது. ஆனால் அது தானியங்கிக் காட்சி, அதை எடுத்தால் ஓடும் வண்டிகளின் படம்தான் கிடைக்கும்.

அடுத்து எடுக்க நினைத்திருப்பது கர்ஜத். மும்பையிலிருந்து புனே போகும் வண்டிகள் போர் காட் (Bhor Ghat) மலைப்பாதையில் 37 அடிக்கு ஓரடி ஏற்றத்தில் ஏற வேண்டியிருப்பதால், கர்ஜத்தில் வண்டியின் பின்னால், அதைத் தள்ளிக் கொடுக்கும் பேங்கர் இன்ஜின்கள் மாட்டப்படுகின்றன. நடைமேடையில் வடாபாவ் வாங்கிக்கொண்டு நிற்கும் பயணிகளில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஆறடிப் பலகையில் காட் ஏற்றத்தைக் கட்ட முடியாது. மாட்டும் வேலையை மட்டும் காட்டலாம். பேங்கர்கள் கொத்தாக மெல்லப் பின்னால் வந்து கடைசிப் பெட்டியைத் தொடுவது, பிறகு முன்னால் ஒரு ஊதல், பின்னால் பதில் ஊதல். ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனி எண் கொடுத்து இயக்கும் டிஜிட்டல் கட்டுப்பாடு இருப்பதால் முன்னதையும் பின்னவற்றையும் தனித்தனியே ஓட்ட இயலும். முன் இன்ஜின் இழுப்பதைவிடப் பின்னவை ஒரு மயிரிழை வேகமாகத் தள்ளினால், நடுவில் உள்ள பெட்டிகள் பாதை பிரியும் பாயிண்டில் தடம் புரண்டுவிடும். அந்த இரண்டு வேகத் திருகுகளையும் ஒத்திசைக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. பின் திருகைத் தானே பிடிப்பதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். கேமராவை எங்கே வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. அவருக்குக் கடைசிப் பெட்டியருகில் வேண்டும், எனக்கு நடைமேடையில் நிற்பவரின் கண் உயரத்தில் வேண்டும்.